இருக்கையின் உயரம்

சைக்கிள் ஓட்டினால் முழங்கால் தேய்ந்துவிடும் என்றெண்ணி அதனைத் துறந்தவர் பலரை நான் அறிவேன். நானும் துறக்க இருந்தவனே. 15 கிலோமீட்டர் சென்று வந்தால் முழங்காலின் முன்புறம் நோகும்; தைலம் தடவியும் பயனில்லை. பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் என் காலைப் பார்க்கவில்லை, இருக்கையைப் பார்த்தார். ஸ்பேனரை எடுத்து 2 அங்குலம் உயர்த்தினார். சில வாரங்களில் வலி விலகிற்று.

காரணம் எளிது. இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்கால் மிகுதியாக மடங்குகிறது. அந்நிலையில் மிதிக்கும்போது முழங்காற் சில்லின்மேல் பளு ஏறுகிறது. தொடையின் வலிமையும் முழுமையாகப் பயன்படுவதில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு வண்டியில் அமருங்கள். பெடலைக் கீழே கொணர்ந்து, குதிகாலை அதன்மேல் வையுங்கள். இடுப்புச் சாயாமல் கால் நேராக நீள வேண்டும். பின்னர் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கி நிற்கும், வேண்டுவது அவ்வளவே. இருக்கைத் தண்டில் எல்லைக்கோடு இருப்பின், அது வெளியே தெரியுமளவு உயர்த்தலாகாது, தண்டு முறியக்கூடும்.

கால் தரையில் எட்டாதே என்று அஞ்சுவீர்கள். நம்மில் பலர் இருக்கையைத் தாழ்த்தி வைப்பது இவ்வச்சத்தினால்தான். அமர்ந்தபடியே காலூன்ற வேண்டுமென்று யார் சொன்னார்கள்? பிரேக்கை அழுத்தி, வண்டி நிற்கும் தறுவாயில் இருக்கையினின்று முன்னே நழுவி, ஒரு காலை ஊன்றலாம். ஆளில்லாத தெருவில் ஒரு மாலை பழகினால் கைவந்துவிடும்.

டயரில் காற்றுக் குறைந்தாலும் காலுக்குப் பளுதான்; வாரமொருமுறை கவனியுங்கள்.

பெரியவர் ஒரேயடியாக உயர்த்தியதால் முதல் வாரம் நான் தடுமாறினேன். நீங்கள் அரை அங்குலமாக, சில நாள் இடைவிட்டு உயர்த்துங்கள். முழங்காலின் பின்புறம் வலித்தால் உயரம் மிஞ்சிவிட்டதென்று சிறிது இறக்கிக்கொள்ளலாம்.