நியூயார்க்கின் பாதுகாப்பை விட்டுத் திரும்பிய சீடர்!

1933-ம் ஆண்டு, ஏப்ரல் மாதம். ஜெர்மனியில் ஒரு துக்க வீடு. இறந்தவர் யூதர்; ஞானஸ்நானம் பெறாதவர். அவருடைய மருமகள் கிறிஸ்தவப் பெண். மருமகளின் அண்ணன் புராட்டஸ்டன்ட் திருச்சபையில் இளம் போதகர். அடக்க ஆராதனையை அவரே நடத்தித் தர வேண்டும் என்று குடும்பத்தார் கேட்டார்கள்.

அந்தப் போதகரின் பெயர் டீட்ரிச் போன்ஹோஃபர். வயது 27. ஹிட்லர் ஆட்சிக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரம். யூதர்களின் கடைகளில் யாரும் பொருள் வாங்கக் கூடாது என்று நாஜிகள் வாசலில் நின்று மிரட்டிய மாதம் அது. போன்ஹோஃபர் தன் மேலதிகாரியிடம் யோசனை கேட்டார். ‘இப்போது வேண்டாம்’ என்பதுதான் பதில். தங்கையின் மாமனாருடைய அடக்கத்தை நடத்தாமல் அவர் ஒதுங்கிக்கொண்டார்.

அந்த முடிவு அவரை விடவில்லை. அதே ஆண்டு நவம்பரில் தங்கையின் கணவருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஏன் அப்படிப் பயந்தோம் என்று தனக்கே விளங்கவில்லை என்று வருந்தி, மன்னிப்பு கேட்டார்.

ஹிட்லரை எதிர்த்துத் தூக்குமேடைக்குப் போனவர் என்று போன்ஹோஃபரைப் பலர் அறிவார்கள். ‘சீடத்துவம்’ என்ற சொல்லைக் கேட்டதும் உலகக் கிறிஸ்தவர்கள் பலருக்கு நினைவுக்கு வரும் பெயரும் அவருடையதுதான். ஆனால், அவரும் ஒருமுறை பின்வாங்கியவர். இரட்சகர்மீது வைக்கும் விசுவாசம் ஒரு மனிதரை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைப்பிடித்து நடத்துகிறது என்று பார்க்க, அங்கிருந்து தொடங்குவதுதான் சரி.

படித்தவர்... ஆனால் சீடரா?

1906-ம் ஆண்டு பிப்ரவரி 4 அன்று, இரட்டைக் குழந்தைகளில் ஒருவராகப் பிறந்தார் போன்ஹோஃபர். தங்கை சபீனா அவரைவிட பத்து நிமிடம் இளையவர். வீட்டில் மொத்தம் எட்டுப் பிள்ளைகள். அப்பா கார்ல், பெர்லினில் புகழ்பெற்ற மனநல மருத்துவப் பேராசிரியர். தவறாமல் ஆலயத்துக்குப் போகும் குடும்பமல்ல. சிறுவயதிலேயே ‘நான் இறையியல் படிப்பேன்’ என்று அவர் சொன்னபோது அண்ணன்மார் கேலி செய்தார்கள். அவரோ 21 வயதிலேயே இறையியலில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார்.

1930-ல் மேற்படிப்புக்காக நியூயார்க் போனார். அங்கே ஹார்லெம் பகுதியில் கறுப்பின மக்களின் அபிசீனியன் பாப்டிஸ்ட் ஆலயத்துக்கு வாரந்தோறும் சென்றார். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். ஒடுக்கப்பட்ட மக்கள் இயேசுவை எப்படிப் பற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்த்தார்.

பெர்லின் திரும்பியதும், ஏழைத் தொழிலாளர் பகுதியில் திடப்படுத்தல் வகுப்பு எடுக்கும் பொறுப்பு வந்தது. யாருக்கும் அடங்காத பையன்கள். போன்ஹோஃபர் அந்தப் பகுதியிலேயே ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கினார். பையன்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து போகலாம்.

இந்த ஆண்டுகளில்தான் மலைப்பிரசங்கம் அவரை ஆழமாகத் தொட்டது. அதுவரை தான் பிரசங்கம் செய்திருந்தாலும் இன்னும் கிறிஸ்தவனாக ஆகியிருக்கவில்லை என்று பின்னாளில் ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார். வேதத்தைப் படித்துக்கொண்டிருந்தவர், வேதம் தன்னோடு பேசுவதைக் கேட்கத் தொடங்கினார்.

பகைவரை நேசிப்பதை வாழ்ந்து காட்டும் மனிதர் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார் என்று அறிந்ததும், காந்திக்கு எழுதினார். ஆசிரமத்தில் வந்து தங்கலாம் என்று 1934 நவம்பரில் காந்தியிடமிருந்து பதில் வந்தது. அந்தப் பயணம் நடக்கவில்லை. ஜெர்மனியில் அவருக்கு வேறு வேலை காத்திருந்தது.

பாத்திரம் கழுவிய முதல்வர்

ஜெர்மானியத் திருச்சபையின் பெரும்பகுதி அன்று ஹிட்லருக்கு வளைந்துகொடுத்தது. யூத வம்சாவளியில் வந்த போதகர்களை விலக்க வேண்டும் என்ற குரல் சபைக்குள்ளேயே எழுந்தது. இதை எதிர்த்து நின்றவர்கள் ‘அறிக்கையிடும் திருச்சபை’ என்ற பெயரில் ஒன்று சேர்ந்தார்கள். அந்தச் சபையின் இளம் போதகர்களைப் பயிற்றுவிக்க 1935-ல் ஓர் இறையியல் பயிற்சி இல்லம் தொடங்கியது. அதன் பொறுப்பு போன்ஹோஃபருக்கு வந்தது. சில வாரங்களில் அது ஃபின்கன்வால்ட் என்ற ஊரில் நிலைகொண்டது.

அங்கே காலையும் மாலையும் ஜெபம், அமைதியாக வேத தியானம், சேர்ந்து உழைப்பு, சேர்ந்து பாட்டு. ஆரம்ப நாள்களில் ஒருநாள், பாத்திரம் கழுவ யாராவது உதவ வேண்டும் என்று சமையலறையிலிருந்து கேட்டார்கள். மாணவர்கள் யாரும் எழவில்லை. முதல்வரே எழுந்து போனார். பின்னால் ஓடி வந்தவர்களை உள்ளே விடாமல் கதவைச் சாத்திக்கொண்டு கழுவி முடித்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்னொரு விதியும் அங்கே இருந்தது. உடனிருக்கும் ஒருவரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் பேசக் கூடாது. தவறிப் பேசிவிட்டால், அவரிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். ஒரே ஒரு நாள் கடைப்பிடித்துப் பார்த்தால் தெரியும், அது எவ்வளவு கடினம் என்று!

1937-ல் நாஜி ரகசியப் போலீஸ் அந்த இல்லத்தை மூடியது. அதே ஆண்டில் போன்ஹோஃபரின் சீடத்துவம் பற்றிய நூல் வெளிவந்தது.

இலவசம்... ஆனால் மலிவல்ல

அந்த நூலின் மையக் கருத்தை வீட்டு உதாரணம் ஒன்றால் புரிந்துகொள்ளலாம். தாய் தன் பசியை மறைத்துக்கொண்டு பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறாள். பிள்ளைக்கு அந்தச் சோறு இலவசம். தாய்க்கு அப்படியல்ல. ‘காசு கொடுத்தா சாப்பிட்டேன்’ என்று அந்தப் பிள்ளை பாதியைக் கொட்டினால் எப்படி இருக்கும்?

கிருபையையும் நாம் இப்படித்தான் கையாள்கிறோம் என்பது போன்ஹோஃபரின் கவலை. மன்னிப்பு உண்டு என்பதால் மனம் திரும்பாமல் இருப்பது, ஆராதனையில் கண்ணீர் விட்டுவிட்டு வாசலைத் தாண்டியதும் பழையபடி நடப்பது... இவையெல்லாம் கிருபையை மலிவாக்கிவிடுகின்றன. கிருபை மனிதருக்கு இலவசம். ஆனால், கடவுளுக்கு அது தம் மகனின் உயிர். அதை உணர்ந்தவரால் இயேசுவின் பின்னால் நடக்காமல் இருக்க முடியாது. விசுவாசமும் கீழ்ப்படிதலும் தனித்தனி அல்ல என்றார் அவர்.

இந்த நூலில் அவர் நினைவுபடுத்தும் சீடர், பேதுரு. ஏரிக்கரையில் வலையை விட்டு எழுந்தபோது ஓர் அழைப்பு. மூன்று முறை மறுதலித்து, கண்ணீரோடு ஒதுங்கி நின்ற பிறகு, அதே ஏரிக்கரையில் மறுபடியும் ஓர் அழைப்பு. தோற்றுப்போன சீடரை இயேசு இன்னொருவரை வைத்து மாற்றிவிடவில்லை. அடக்க ஆராதனையை நடத்தாமல் பின்வாங்கிய போதகருக்கு இதன் அருமை தெரிந்திருக்கும்.

போன கப்பலிலேயே திரும்பலாமா?

1939 ஜூன். போர் மேகம் சூழ்ந்திருந்தது. ஹிட்லரின் படையில் சேரச் சொல்லி எந்த நேரமும் அழைப்பு வரலாம். அமெரிக்க நண்பர்கள் முயன்று, நியூயார்க்கில் அவருக்கு வேலை ஏற்பாடு செய்தார்கள். கப்பலேறிப் போய்ச் சேர்ந்தார். நல்ல அறை, அன்பான நண்பர்கள், உயிருக்குப் பாதுகாப்பு. யாரும் குறை சொல்லப்போவதில்லை.

ஆனால், அவருக்குத் தூக்கம் வரவில்லை. ஊரில் தன் மாணவர்கள் என்ன ஆனார்களோ என்ற நினைப்பு. தன் மக்களின் துன்பத்தில் பங்கெடுக்காமல், துன்பம் முடிந்த பிறகு திரும்பிப் போய் அவர்களுக்கு ஊழியம் செய்யத் தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்ற கேள்வி. ஒரு மாதம்கூடத் தங்கவில்லை. ஜூலையில் மீண்டும் கப்பலேறினார். செப்டம்பர் 1 அன்று போர் தொடங்கியது.

சுத்தமான கைகளா, இரட்சகரா?

அடுத்து வந்ததுதான் அவர் வாழ்வின் மிகக் கடினமான பகுதி. அவருடைய அக்காள் கணவர் ஹான்ஸ் ஃபான் டோனாஞி, ராணுவ உளவுத்துறைக்குள் இருந்தபடியே ஹிட்லரை வீழ்த்தத் திட்டமிட்ட குழுவில் முக்கியமானவர். போன்ஹோஃபரும் அந்தக் குழுவில் சேர்ந்தார். 1942-ல் ஸ்வீடனில் இங்கிலாந்து பேராயர் ஜார்ஜ் பெல்லைச் சந்தித்து, எதிர்ப்புக் குழுவின் செய்தியைச் சேர்ப்பித்தார். அதே ஆண்டில் 14 பேரை, பெரும்பாலும் யூதர்களை, உளவாளிகள் என்ற பெயரில் ஸ்விட்சர்லாந்துக்குத் தப்ப வைத்த முயற்சியிலும் அவர் பங்கு இருந்தது.

பகைவரை நேசிக்கச் சொல்லிக்கொடுத்தவர், ஒரு மனிதனைக் கொல்லும் திட்டத்தில் இருக்கலாமா? இன்றும் கிறிஸ்தவர்கள் இதை விவாதிக்கிறார்கள். போன்ஹோஃபர் தன் செயலை நியாயம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அது குற்றம்தான் என்று ஏற்றுக்கொண்டு, கடவுளின் இரக்கத்தின்மேல் விழுந்தார். அயலான் சாகும்போது ‘என் கை சுத்தமாக இருக்கட்டும்’ என்று விலகி நிற்பதும் குற்றமே என்று கருதினார். தன் நல்ல பெயரையல்ல, இரட்சகரை நம்புவதுதான் விசுவாசம் என்பதை அவர் கற்றுக்கொண்ட இடம் அது.

1943 ஜனவரியில் மரியா ஃபான் வேடமெயர் என்ற இளம்பெண்ணுடன் அவருக்கு நிச்சயமானது. ஏப்ரல் 5 அன்று கைது! திருமணம் நடக்கவேயில்லை. பெர்லினின் டேகல் சிறையில் ஒன்றரை ஆண்டுகள். குண்டுவீச்சு நேரங்களில் மற்ற கைதிகளுக்குத் தைரியம் சொன்னார். நண்பர் எபர்ஹார்ட் பெத்கேவுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் புகழ்பெற்ற நூலாயின.

1944-ல் சிறைக்காவலர் ஒருவரே தப்பிக்க உதவ முன்வந்தார். திட்டம் தயார். அந்த நேரத்தில் அண்ணன் கிளாஸ் கைதானார். தான் ஓடிப்போனால் குடும்பத்தார்மீது பழி விழும் என்று போன்ஹோஃபர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்.

கடைசி ஞாயிறு

1945 ஏப்ரல் 8, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. ஷோன்பெர்க் என்ற சிற்றூரில், பள்ளிக்கூட அறை ஒன்றில் கைதிகள் அடைக்கப்பட்டிருந்தார்கள். ஆராதனை நடத்தும்படி போன்ஹோஃபரைக் கேட்டார்கள். அவர் தயங்கினார். கூட இருந்தவர்களில் கத்தோலிக்கர்கள் இருந்தார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாத ரஷ்யர் ஒருவரும் இருந்தார். அவர்கள் மனம் நோகக் கூடாது. எல்லோரும் சம்மதித்த பிறகே தொடங்கினார். பாடுபடும் தாசனைப் பற்றிய ஏசாயா 53-ம் அதிகார வசனத்தையும், உயிர்த்தெழுதல் தரும் நம்பிக்கையைப் பற்றிப் பேதுரு எழுதியதையும் விளக்கினார்.

ஜெபம் முடிந்ததும் கதவு திறந்தது. அவரை அழைத்துப் போக ஆள்கள் வந்திருந்தார்கள். மறுநாள் விடியற்காலையில் ஃப்ளோசன்புர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். வயது 39. இரண்டே வாரங்களில் அமெரிக்கப் படை அந்த முகாமை விடுவித்தது.

பெர்லினில் இருந்த பெற்றோர், ஜூலை 27 அன்று பி.பி.சி வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். லண்டன் ஆலயம் ஒன்றிலிருந்து நினைவு ஆராதனை ஒலிபரப்பானது. அது தங்கள் மகனுக்கானது என்று அப்படித்தான் அவர்களுக்கு உறுதியானது. பிரசங்கம் செய்தவர் பேராயர் பெல். இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்திருந்த தங்கை சபீனாவும் கணவரும் அந்த ஆலயத்தில் அமர்ந்திருந்தார்கள்.

நமக்கு என்ன?

நம்மில் பெரும்பாலானோருக்குத் தூக்குமேடை வரப்போவதில்லை. ஆனால், ‘போனால் ஊர் என்ன சொல்லும்’ என்று நாம் தயங்கும் வீடு ஒன்று எல்லோருக்கும் இருக்கிறது. கழுவ யாரும் எழாத பாத்திரம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. எதிரில் இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசப் போகும் நேரம் தினமும் வருகிறது.

சீடத்துவம் அங்கேதான் தொடங்குகிறது. போன வாரம் அந்த வீட்டு வாசலைத் தாண்டித் தலையைக் குனிந்துகொண்டு போயிருந்தாலும் பரவாயில்லை. பேதுருவை இரண்டாவது முறை அழைத்தவர் இன்னும் அழைத்துக்கொண்டுதான் இருக்கிறார். இந்த வாரம் அந்தப் படியேறி, ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வரலாமே!