ஒரு கரண்டி பழைய மாவு

இட்லிக்கு அரைத்துப் பழகியவர்களுக்குத் தெரியும், மாவைப் புளிக்க வைப்பது நாம் அல்ல. அரைத்து, உப்புப் போட்டு, கையால் கரைத்து மூடி வைப்பதோடு நம் வேலை முடிந்தது. மீதியைக் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் வீட்டுச் சூடும் பார்த்துக்கொள்ளும். சித்திரையில் பொழுது சாய்வதற்குள் பொங்கிவிடும். மார்கழியில் விடிந்தாலும் அசையாது.

1900இல் வட சீனாவைக் குலுக்கிய பாக்சர் கிளர்ச்சி இயங்கிய விதமும் இதுதான். அதை ஒரு தலைவர் மூட்டிவிடவில்லை. அதற்குத் தலைமையகமும் கிடையாது.

முதலில் அரிசியும் உளுந்தும். இடம் ஷாண்டோங் மாகாணம். 1897இல் இரண்டு ஜெர்மானியப் பாதிரியார்கள் அங்கே கொல்லப்பட, அதையே சாக்காக வைத்து ஜெர்மனி ஜியாவ்ஜோ விரிகுடாவைப் பிடித்துக்கொண்டது. மறு ஆண்டே 99 ஆண்டுக் குத்தகையும் எழுதி வாங்கியது. ஆனால் கிராமத்து மனிதரை உறுத்தியது விரிகுடாவைவிட ஊர் வழக்குகள்தான். எதிராளி கிறித்தவராக இருந்தால், நிலத் தகராறானாலும் பாதிரியார் அதிகாரியின் முன் வந்து நிற்பார். அவருக்குப் பின்னால் தூதரகம், அதற்குப் பின்னால் போர்க்கப்பல். லியுவான்துன் என்ற சிற்றூரில் பழைய கோயில் மனை கிறித்தவர்கள் பங்குக்குப் போனது. அந்த ஒரு மனைக்காக ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அடிதடியும் வழக்குமாகக் கழிந்தன.

புளிக்க வைக்கும் உயிரும் அங்கேயே இருந்தது. குத்துவித்தை பழகும் களங்கள் வட சீனக் கிராமங்களில் வெகுகாலமாக உண்டு. பாக்சர் என்ற பெயரும் அதனால்தான். 1890களின் கடைசியில் பரவிய முறை இன்னும் எளிது. மந்திரம் சொல்லி வணங்கினால் தெய்வம் மேலே இறங்கும், பிறகு வாளும் குண்டும் துளைக்காது என்றார்கள். இறங்கிய தெய்வங்கள் குரங்கு அரசன் சுன் வுகோங், போர்வீரன் குவான் யூ போன்றவர்கள். ஊர்த் திருவிழா நாடகத்தில் எல்லோரும் பார்த்துப் பழகிய முகங்கள்! வருடக்கணக்கில் பயிற்சி வேண்டாம். ஓர் ஊரில் கற்ற பையன் அடுத்த ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தான். பழைய மாவில் ஒரு கரண்டி எடுத்துப் புதுப் பாத்திரத்தில் கலப்பது போல. இந்தக் கிளர்ச்சியின் சூட்சுமமே இந்தக் கரண்டியில் இருக்கிறது என்பேன்.

சூட்டை வானம் கொடுத்தது. 1898இல் மஞ்சள் ஆறு கரையுடைத்தது. அடுத்துக் கொடிய வறட்சி. விதைக்க முடியாத நிலம், வேலையற்ற இளைஞர்கள், மழையை அந்நியர் தடுத்துவிட்டார்கள் என்ற பேச்சு.

1899 முடிவில் ஜூ ஹோங்டெங் என்ற பெயர்பெற்ற பாக்சரைச் சீனாவை ஆண்ட சிங் வம்ச அரசு கொன்றது. புதிய ஆளுநர் யுவான் ஷிகாய் ஷாண்டோங்கில் கடுமையாக அடக்கினார். அதற்குள் கரண்டிகள் பெய்ஜிங்கைச் சுற்றியுள்ள ஜிலி மாகாணத்துக்குப் போயிருந்தன. அங்கே இன்னும் பெரிதாகப் பொங்கியது.

பாத்திரம் சிறிதென்றால் மாவு வழிந்துதான் தீரும். 'சிங்கை ஆதரிப்போம், அந்நியரை அழிப்போம்' என்ற கொடியைப் பார்த்துப் பேரரசி சிஷியின் அரசவை அடக்குவதா அணைப்பதா என்று தடுமாறி, கடைசியில் 1900 ஜூன் 21இல் அந்நிய நாடுகள்மீது போர் அறிவித்தது. பெய்ஜிங் தூதரகங்கள் 55 நாள் முற்றுகையில் கிடந்தன.

இந்த இடத்தில் உவமையைக் கீழே வைக்கிறேன். மாவு யாரையும் கொல்வதில்லை. பாக்சர்கள் பாதிரியார்களையும் ஆயிரக்கணக்கான சீனக் கிறித்தவர்களையும் கொன்றார்கள். செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அதே மண்ணின் ஏழைகள். ஆகஸ்ட் 14இல் பெய்ஜிங்குக்குள் நுழைந்த எட்டு நாட்டுப் படைகளும் கொன்று கொள்ளையடித்தன. பிரிட்டன் அனுப்பிய படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள்.

1901 செப்டம்பர் ஒப்பந்தம் சீனாவின் தலையில் 45 கோடி தேல் (பழைய சீன எடை அளவு) வெள்ளியை அபராதமாக ஏற்றியது. 39 ஆண்டுத் தவணை, 4 சதவீத வட்டி. தண்டிக்க வேண்டிய பெரிய அதிகாரிகளின் பெயர்களும் அதில் இருந்தன. ஊர் ஊராகப் போய் மந்திரம் சொல்லிக்கொடுத்த பையன்களின் பெயர்கள் இல்லை. அவர்களில் பலர், மழை விழுந்த ஊர்களில், 1900 கோடையிலேயே விதைக்கப் போய்விட்டிருந்தார்கள்.