தானா ராத்தாவில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்? மெய்நிகர் ஆய்வுக்கூடம் வடிவமைக்கும் முன்...



மெய்நிகர் ஆய்வுக்கூடம் என்றதும் நம்ம மனசு முதலில் கருவியின் விலைக்குத்தான் போகிறது. அதற்கு முன் ஒரு கெட்டில் தண்ணீரைப் பார்ப்போம்.

தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்று கற்பிக்கிறோம். கடல்மட்டத்தில் அது சரி. தானா ராத்தாவோ ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். 300 மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிகிரி வீதம் கொதிநிலையும் இறங்கும். ஆக, இங்கே வெப்பமானி 95 டிகிரியை ஒட்டியே நிற்கும்.

நாம் உருவாக்கும் மெய்நிகர் கூடத்தில் 100 என்று நிலையாக வைத்துவிட்டால் என்ன ஆகும்? தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, "டீச்சர், என்னோட வெப்பமானி கெட்டுப்போச்சு" என்றுதான் சொல்லும். தன் கண்ணால் உற்றறிந்ததையே சந்தேகிக்கப் பழகிவிடும். அறிவியல் பாடத்தில் இதைவிடப் பெரிய இழப்பு இல்லை.

அதனால் வடிவமைக்கும்போது இவற்றைக் கவனியுங்கள்.

1. வகுப்பில் செய்ய முடிந்ததை வகுப்பிலேயே செய்யுங்கள். தண்ணீரை ஆசிரியர் கொதிக்க வைக்கட்டும். மாணவர்கள் தள்ளி நின்று அளவை வாசித்து எழுதட்டும்.

2. வகுப்பில் முடியாததை மட்டும் மெய்நிகருக்குக் கொடுங்கள். இங்கே அது உயரம். உயரத்தை மாணவர் மாற்றக்கூடிய மாறியாக வையுங்கள்: மலையடிவாரத்துத் தாப்பாவில் ஏறக்குறைய 100, தானா ராத்தாவில் 95, பிரிஞ்சாங் மலையுச்சியில் 93, எவரெஸ்ட் உச்சியில் 70 டிகிரி அளவில். பிறகு பாத்திரத்துக்குள் நுழைந்து, நீர் மூலக்கூறுகள் காற்றழுத்தத்தை மீறி நீராவிக் குமிழாவதைப் பார்க்கட்டும்.

3. முதலில் முன்அனுமானித்தல், பிறகே காட்சி. விடையை எழுதாமல் அடுத்த படிக்குப் போக முடியாதபடி அமையுங்கள்.

4. பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சுருக்கம் எழுதச் சொல்லுங்கள். பரோங், மேயர் இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிச் சுருக்கம் எழுதியவர்கள் வெறுமனே பார்த்தவர்களைவிட நன்றாகக் கற்றனர்.

5. மாணவர் உட்கார்ந்தபடியே செய்யட்டும். காட்சி தானாக நகர்ந்தால் தலைசுற்றும். சில நிமிடங்கள் போதும். கருவியின் வயது வரம்பையும் பாருங்கள். மெட்டா குவெஸ்டுக்கு அது 10.

பள்ளியில் ஒரே ஒரு கண்ணாடிதான் இருக்கிறதா? கவலை வேண்டாம். மக்ரான்ஸ்கி குழுவினர் ஒரே மெய்நிகர் ஆய்வைக் கண்ணாடியிலும் கணினித் திரையிலும் கொடுத்து, பல்கலைக்கழக மாணவர்களிடம் சோதித்தனர். 2019இல் வெளிவந்த அதன் முடிவு: கண்ணாடி அணிந்தவர்கள் அந்த இடத்திலேயே இருப்பதுபோல் அதிகம் உணர்ந்தார்கள், கற்றதோ குறைவு. ஆகவே திரையில் பார்க்கும் பிள்ளை பின்தங்கிவிடும் என்று நினைக்க வேண்டியதில்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் இலவச 'ஃபெட்' பாவனைகளை முன்பே பதிவிறக்கிக்கொண்டால், இணையம் தடுமாறும் நாளிலும் பாடம் நடக்கும்.

முடிவில் மறுபடியும் கெட்டிலுக்கு வாருங்கள். "வெப்பமானி கெட்டுப்போச்சா?" என்று கேளுங்கள். "இல்ல டீச்சர், நாம மலைமேல இருக்கோம்" என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால், உங்கள் ஆய்வுக்கூடம் வேலை செய்துவிட்டது.