கிளட்ச் எப்போது மாற்ற வேண்டும்?

மும்பையிலிருந்து புனேவுக்குப் போகும் பழைய சாலையில் கோபோலி என்று ஓர் ஊர் இருக்கிறது. அதைத் தாண்டியதும் மலை ஏற்றம் தொடங்கும். அதற்குப் போர் காட் என்று பெயர். கண்டாலா வரை வளைந்து வளைந்து ஏற வேண்டும். மழைக்காலத்தில் விடுமுறை நாள் வந்தால் இங்கே வண்டிகள் எறும்பு வரிசை போல ஊர்ந்து போகும். நிற்கும், நகரும், மறுபடி நிற்கும். இப்படிப்பட்ட ஏற்றத்தில்தான் தேய்ந்துபோன கிளட்ச் கைவிடும்.

ரேடியேட்டர் கொதித்தால் பொறுமையாக ஆறவிடலாம். பிறகு தண்ணீர் ஊற்றி ஓட்டிப் போகலாம். கிளட்ச் பிளேட் தேய்ந்து தீர்ந்துவிட்டால் அப்படி முடியாது. வண்டியைக் கட்டித்தான் இழுக்க வேண்டும். வாடகைக்கு ஓட்டுபவருக்கு அன்றைய வருமானம் போகும். இழுவை வண்டிக்குக் கூலி கொடுக்க வேண்டும். பட்டறையில் வண்டி நிற்கும் நாளுக்கும் சம்பாத்தியம் இல்லை.

ஆனால் கிளட்ச் பெரும்பாலும் ஒரே நாளில் போவதில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போகிறது. அது என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

கிளட்ச் என்ன வேலை செய்கிறது?

உங்கள் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு கையைத் திருப்பினால் மற்றக் கையும் சேர்ந்து திரும்பும். அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள். இப்போது கை வழுக்கும். உள்ளங்கை சூடாகும். கிளட்ச் வேலை செய்வதும் இப்படித்தான்.

எஞ்சினோடு ஒரு கனமான சக்கரம் சுற்றுகிறது. அதை ஃபிளைவீல் என்பார்கள். அதன் மேல் கிளட்ச் பிளேட் இருக்கிறது. அதை அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட். பெடலை மிதித்தால் பிடி விடும். எஞ்சின் தனியாகச் சுற்றும். அப்போது கியர் மாற்றலாம். பெடலை விட்டால் மறுபடி பிடிக்கும். எஞ்சினின் சக்தி சக்கரங்களுக்குப் போகும்.

கிளட்ச் பிளேட்டின் இரண்டு பக்கமும் பிரேக் லைனிங் போன்ற ஒரு பொருள் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு முறை வண்டியைக் கிளப்பும்போதும் அது கொஞ்சம் தேயும். செருப்பு தேய்வது போலத்தான். இத்தனை கிலோமீட்டர்தான் ஓடும் என்று யாரும் கணக்குச் சொல்ல முடியாது. நெடுஞ்சாலையில் நிதானமாக ஓட்டினால் லட்சம் கிலோமீட்டருக்கு மேலும் வரும். நெரிசலில் ஓடும் வண்டியில் அதில் பாதிகூட வராமல் போகலாம். ஆகவே கிலோமீட்டரை மட்டும் பார்த்து மாற்ற வேண்டாம். அடையாளத்தைப் பாருங்கள்.

வழுக்கல்

முக்கியமான அடையாளம் வழுக்கல். ஓட்டுநர்கள் ‘ஸ்லிப் ஆகிறது’ என்பார்கள். ஆக்சிலேட்டரை மிதிக்கிறீர்கள். எஞ்சின் சத்தம் கூடுகிறது. ஆனால் வண்டியின் வேகம் கூடவில்லை. இது முதலில் மேல் கியரில்தான் தெரியும். நான்காவது கியரில் ஏற்றம் ஏறும்போது, அல்லது ஆள் நிறைய ஏற்றியிருக்கும்போது தெரியும். கீழ் கியரில் எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும். அதனால் பலர் ஏமாந்து போகிறார்கள்.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. ஹேண்ட் பிரேக்கை இறுக்குங்கள். பிரேக் பெடலையும் மிதித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடட்டும். நான்காவது கியரைப் போட்டு, கிளட்ச் பெடலை மெதுவாக விடுங்கள். கிளட்ச் நல்ல நிலையில் இருந்தால் எஞ்சின் உடனே நின்றுவிடும். பெடலை முழுவதும் விட்ட பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. உடனே எஞ்சினை நிறுத்துங்கள். ஒரு முறை பார்த்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால், நல்ல தீக்குச்சியா என்று உரசிப் பார்த்த கதையாகிவிடும்.

பெடல் பிடிக்கும் இடத்தையும் கவனியுங்கள். புதிதில் பாதி விட்டதுமே வண்டி நகரும். தேயத் தேயக் காலை மேலே எடுத்த பிறகுதான் நகரும். சில வண்டிகளில் இந்த மாற்றம் சரியாகத் தெரியாது. பெடல் கல்லைப் போலக் கடினமானாலும் சந்தேகப்பட வேண்டும்.

கருகல் வாடை வந்தால் பயந்துவிடாதீர்கள். ஏற்றத்தில் நெரிசலில் மாட்டியதால் ஒருநாள் வந்திருக்கலாம். ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். சாதாரண ஓட்டத்திலும் அந்த வாடை வந்தால் பட்டறைக்குப் போங்கள்.

எல்லாவற்றுக்கும் பிளேட் காரணம் அல்ல

இங்கேதான் பணம் வீணாகிறது. கியர் விழ மறுக்கிறது. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று சத்தம் வருகிறது. உடனே சிலர், ‘பிளேட் போச்சு’ என்கிறார்கள். அப்படி இருக்க வேண்டியதில்லை. கியர் விழாதது, கிளட்ச் முழுவதும் விடவில்லை என்பதைத்தான் காட்டுகிறது. கேபிள் உள்ள வண்டியில் கேபிள் தளர்ந்திருக்கலாம். அதை முறுக்கிச் சரி செய்ய அதிக நேரம் ஆகாது. ஆயில் முறையில் இயங்கும் கிளட்ச் என்றால் ஆயில் கசிந்திருக்கலாம். காற்று புகுந்திருக்கலாம்.

அதேபோல், வழுக்கலுக்கும் கேபிளே காரணமாக இருப்பதுண்டு. கேபிள் அளவுக்கு மீறி இறுகியிருந்தால் கிளட்ச் முழுவதும் பிடிக்காது. பிளேட் நன்றாகவே இருக்கும். வண்டி மட்டும் வழுக்கும். ஆகவே கியர்பாக்ஸை இறக்கச் சொல்லும் முன், “அண்ணே, முதலில் கேபிளைப் பாருங்க” என்று சொல்லுங்கள். பெடலில் எவ்வளவு தளர்வு இருக்க வேண்டும் என்பது வண்டியுடன் தரும் புத்தகத்தில் இருக்கும்.

சத்தமும் ஒரு துப்பு. பெடலை மிதிக்கும்போது கிர்ரென்று சத்தம் வந்தால் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங். மிதித்ததும் சத்தம் நின்றுவிட்டால் கோளாறு கியர்பாக்ஸ் பேரிங்கில் இருக்கலாம். கிளப்பும்போது வண்டி உதறினால் பிளேட்டில் ஆயில் பட்டிருக்கலாம். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் உடைந்திருந்தாலும் உதறும்.

மாற்றும்போது

கிளட்சை மாற்றக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். கூலியில் பெரும்பங்கு இதற்குத்தான். அதனால் பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு, பிரஷர் பிளேட்டையும் பேரிங்கையும் பழையதாக விடுவது மிச்சம் அல்ல. ஆறு மாதத்தில் பேரிங் போனால் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும். மூன்றையும் சேர்த்து ‘செட்’டாக மாற்றுங்கள். ஃபிளைவீலில் கோடு விழுந்திருக்கிறதா, சூட்டால் நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளேட் ரிவெட் வரை தேய்ந்திருந்தால் அந்த ரிவெட் ஃபிளைவீலைக் கீறிவிடும். அப்போது செலவு கூடும். தள்ளிப்போடுவதில் உள்ள நட்டம் இதுதான். எஞ்சின் பக்கத்து ஆயில் சீல் கசிந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் சொத்து. பில்லும் கேளுங்கள். பழைய பிளேட்டின் தூசியை வாயால் ஊத வேண்டாம். அதில் கல்நார் கலந்திருக்கலாம். கல்நார்த் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

வழுக்குவது தெரிந்த பிறகும் பட்டறை வரை ஓட்ட வேண்டியிருந்தால், ஆக்சிலேட்டரை மெதுவாக மிதியுங்கள். மேல் கியரைத் தவிருங்கள். முந்திச் செல்ல முயல வேண்டாம். வழியில் மலை ஏற்றம் இருந்தால் பயணிகளை வேறு வண்டியில் அனுப்பிவிடுங்கள்.

கிளட்ச் பெடலே இல்லாத வண்டி வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம். 2014 முதல் இந்தியாவில் விற்கும் ஏ.எம்.டி. வண்டிகளில் பெடல் இல்லையே தவிர, உள்ளே கிளட்ச் பிளேட் உண்டு. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தே வண்டியைப் பிடித்து நிறுத்தினால் அதுவும் கருகும்.

புதுக் கிளட்ச் போட்டதும் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். கியர் மாற்றும் நேரம் தவிர, கிளட்ச் பெடலில் காலை வைத்திருக்க வேண்டாம். ஏற்றத்தில் நிற்கும்போது ஹேண்ட் பிரேக் போடுங்கள். மாற்றிய தேதியையும் அன்று மீட்டரில் காட்டிய கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி, பில்லோடு சேர்த்து வண்டியிலேயே வையுங்கள்.