பழைய ஜீப்பின் பிரேக் காலிப்பர்: பழுது பார்ப்பதா, புதிதாக மாற்றுவதா?

தட்டாஞ்சாவடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திற்கு விளைபொருள் வாங்க வருவோரும், தொழிற்பேட்டையிலிருந்து சரக்கு ஏற்றிச் செல்வோரும் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளை இன்றும் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. மழைக் காலத்தில் களத்து மேட்டுச் சேற்றிலும் நிற்காமல் போகும் வண்டி அது. 1985 இறுதியில் வந்த மாருதி ஜிப்ஸியின் பொது விற்பனை 2019இல் நின்றுவிட்டது. 2000இல் வந்த பொலிரோவின் முதல் வண்டிகளுக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. இவற்றில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், பின் சக்கரங்களுக்கு டிரம் பிரேக். அதற்கு முந்தைய ஜீப்புகள் பலவற்றில் நான்கும் டிரம்தான். அவற்றில் காலிப்பர் கிடையாது.

நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி என்பதால் நன்றாக நிற்கவும் செய்யும் என்று எண்ணுவது தவறு. ஃபோர் வீல் டிரைவ் வண்டியை நகர்த்தத்தான் உதவும். நிறுத்துவது பிரேக்கின் வேலை. சுமையோடு வேகமாக வரும் வண்டியின் பாரம் பிரேக் பிடித்தவுடன் முன்பக்கம் சாய்கிறது. ஆகவே பெரும்பகுதி வேலையை முன் காலிப்பர்கள் இரண்டுமே செய்கின்றன.

காலிப்பர் என்பது சுழலும் டிஸ்க்கை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் இடுக்கி போன்றது. பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ள, உள்பக்க பேட் டிஸ்க்கைத் தொடுகிறது. உடனே காலிப்பர் தன் பின்களின் மேல் நகர்ந்து வெளிப்பக்க பேடையும் இழுத்து அழுத்துகிறது. பெடலை விட்டதும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல்தான் அதைச் சற்றே பின்னுக்கு இழுக்கிறது. எனவே பிஸ்டன், சீல், பின் இம்மூன்றில் ஒன்று கெட்டாலும் பிரேக் பிடிக்காது, அல்லது பிடித்தது விடாது.

கடலோர ஊரான நமக்கு உப்புக் காற்று கூடுதல் எதிரி. டஸ்ட் கவர் கிழிந்தால் ஈரமும் மண்ணும் உள்ளே போய்த் துரு பிடிக்கிறது. பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தல், ஒரு சக்கரம் மட்டும் அதிகம் சுடுதல், தீய்ந்த வாடை, டயரின் உட்புறம் ஆயில் கசிவு, மைலேஜ் குறைதல் ஆகியவை அறிகுறிகள். உள் பேட் மட்டும் மிகவும் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் பின் இறுகியிருக்கும். ஒரு சக்கரத்தில் இரண்டு பேடும் சீக்கிரம் தீர்ந்தால் பிஸ்டன் சிக்கியிருக்கக் கூடும்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஜாக்கி வைத்து, அடியில் ஸ்டாண்டும் கொடுத்து, ஃபோர் வீல் லீவரை டூ வீலுக்கு மாற்றி, கியரை நியூட்ரலில் வைத்துச் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றாவிட்டால் காலிப்பரின் நிப்பிளைச் சற்றுத் திறக்கவும். உடனே சக்கரம் விட்டுக்கொடுத்தால் ஹோஸின் உட்புறம் அடைத்திருக்கலாம், அல்லது மாஸ்டர் சிலிண்டரில் கோளாறு இருக்கலாம். அப்போதும் விடாவிட்டால் குற்றம் காலிப்பரில்தான். இந்தச் சோதனை செய்யாமல் காலிப்பர் வாங்குவது வீண் செலவாகிவிடும்.

இனி முக்கியக் கேள்வி. சீலும் டஸ்ட் கவரும் மட்டும் கெட்டு, பிஸ்டனின் மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால் ரிப்பேர் கிட் போட்டால் போதும். பிஸ்டனில் குழி விழுந்து சிலிண்டர் நன்றாக இருந்தால் பிஸ்டனையும் மாற்றலாம். சிலிண்டரின் உட்சுவர் அரித்திருந்தாலோ, பின் துளை தேய்ந்து ஆடினாலோ, நிப்பிள் உடைந்து உள்ளே சிக்கினாலோ புதிய காலிப்பரே வழி. சிறு துருதானே என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒப்பேற்றினால் கசிவு மீண்டும் வரும்.

பட்டறையில் வண்டியை விடும்போது சிலவற்றை வலியுறுத்திக் கேளுங்கள். காலிப்பரைக் கழற்றியதும் ஹோஸில் தொங்கவிடக் கூடாது. கம்பியால் கட்ட வேண்டும். ரப்பர் பாகங்களைப் பெட்ரோல், மண்ணெண்ணெயில் கழுவினால் உப்பிப் போகும். புதிய பிரேக் ஆயில் அல்லது ஆல்கஹால்தான் ஏற்றது. பின்களுக்குச் சாதாரண கிரீஸ் வேண்டாம்; சூடு தாங்கும் சிலிகான் கிரீஸ் வேண்டும். பேடுகளை இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஹோஸ் சேரும் இடத்துச் செப்பு வாஷர்கள் புதிதாக இருக்கட்டும். நிப்பிள் மேற்பக்கம் வர வேண்டும். இடது வலது மாறிப் பூட்டினால் காற்று முழுதாக வெளியேறாது, பெடல் மெத்தென்றே இருக்கும். வேலை முடிந்ததும் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியான பிறகே வண்டியை நகர்த்த வேண்டும்.

பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் அல்ல. பெயரை நம்பி எஞ்சின் ஆயிலோ ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றினால் எல்லா ரப்பரும் பாழாகும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. டாட் 3 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த அளவு 140 ஆக இறங்கலாம். டாட் 4 வகைக்கு 230, 155. கொதித்து ஆவி உண்டானால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

உதிரிப் பாகம் வாங்குகையில் முத்திரை, பாகத்தின் எண், பில் மூன்றையும் பாருங்கள். பிரேக் பாகங்கள் தயாரிப்பில் 1962இல் சென்னை பாடியில் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா போன்ற நிறுவனங்கள் நம் பக்கத்திலேயே உள்ளன. பில் இல்லாத மலிவுச் சரக்கில் பெட்டி மட்டும் அசலாக இருக்கக் கூடும். உதிரி பாகம் விற்கும் நம் உறுப்பினர்களும் இதை மனத்தில் கொள்வது தொழிலுக்குப் பெருமை.

வாடகைக்கு ஓடும் வண்டி எட்டு வயதைக் கடந்தால் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். சொந்த உபயோக வண்டிக்குப் பதினைந்து ஆண்டுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்த நாளுக்காகக் காத்திராமல், மழைக் காலம் தொடங்குமுன் ஒருமுறை முன் சக்கரங்களைக் கழற்றிப் பாருங்கள். ஒரு கிட்டின் விலையை மிச்சம் பிடிக்கப் போய் ஓட்டுநர், சுமைதூக்கும் தொழிலாளி, சாலையில் போவோர் எல்லோரையும் ஆபத்தில் நிறுத்துவது எந்தக் கணக்கிலும் லாபம் ஆகாது.