காஸியின் கடைசிப் பயணம்

1971 இந்திய-பாகிஸ்தான் போரையொட்டி நம் வேலூரிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் சென்னைக் கடலோரம் வரை ஒரு நீர்மூழ்கிக் கப்பல் வேட்டைக்கு வந்தது. பாகிஸ்தானின் காஸி.

அது பிறந்தது அமெரிக்காவில், 'டயாப்லோ' என்ற பெயரில். 1945 மார்ச்சில் படையில் சேர்ந்து, முதல் போர்ப்பயணத்தில் இருக்கும்போதே இரண்டாம் உலகப்போர் முடிந்துவிட்டது. 1964இல் அமெரிக்கா அதைப் பாகிஸ்தானுக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. தெற்காசியக் கடற்படைகளிலேயே முதல் நீர்மூழ்கி அதுதான்.

பாகிஸ்தானின் நீர்மூழ்கிகளில், கராச்சியிலிருந்து இலங்கையைச் சுற்றி வங்கக்கடலுக்கு வந்து போரிட்டுத் திரும்பும் தாக்குப்பிடிப்பு அந்தப் பழைய கப்பலுக்குத்தான் இருந்தது. தேடி வந்தது நமது விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலை. அதுவோ அந்தமானில் மறைந்திருந்தது. நமது கடற்படையின் வைஸ் அட்மிரல் கிருஷ்ணன், ராஜ்புத் என்ற நாசகாரிக் கப்பலை விசாகப்பட்டினத்துக்கு அருகே அனுப்பி விக்ராந்தாக நடிக்கவைத்தார். கம்பியில்லாத் தந்திப் போக்குவரத்தைக் கூட்டினார்கள்; ஒரு மாலுமி தன் தாயின் உடல்நிலையை விசாரிப்பதாக ஒரு தந்தியையும் வெளிப்படையாகவே அனுப்பினார்கள். எத்தனை நுணுக்கமான யோசனை! அந்த ராஜ்புத்தும் இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனுக்காக ஓடி, 1949இல் நம்மிடம் வந்த கப்பலே.

டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஸி வெடித்து மூழ்கியது. ராஜ்புத் வீசிய வெடிகுண்டுகளால் என்கிறது இந்தியா. அது தானே விதைத்த கண்ணிவெடியால் என்கிறது பாகிஸ்தான். உள்ளே இருந்த தொண்ணூறுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. எதிரி நாட்டவர் என்றாலும் அவர்களும் மாலுமிகள்தான்.

விசாகப்பட்டினம் போகும் நேயர்கள், கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாக நிற்கும் நமது குர்சுரா நீர்மூழ்கிக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள்.