செவிலியும் செய்ந்நன்றியும்

மருந்து என்பது யாது? கடையில் விற்கும் குளிகையும் குப்பியும் மட்டுந்தாமா? திருவள்ளுவர் அவ்வாறு கருதவில்லை. மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் அவர் அதனை நான்கு கூறாகப் பகுக்கிறார். நோயுற்றவன், நோய் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுப்பவன் என்பன அந்நான்கு. நான்காமவனுக்கு அவர் இட்ட பெயர் உழைச்செல்வான் என்பது. உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தே செல்பவன் என்பது அதன் பொருள். சரகரின் வடமொழி மருத்துவ நூலும் இந்நான்கையே கூறி, அருகிருப்பவரிடம் பணியறிவு, திறமை, அன்பு, தூய்மை என்னும் நான்கு பண்புகள் அமைய வேண்டும் என்கிறது.

இன்று அப்பணியைச் செய்வோரைச் செவிலியர் என்கிறோம். சங்க இலக்கியத்தில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய். பெற்றவள் அல்லள், ஆயினும் கண்ணிமைபோல் காத்தவள். மருத்துவமனைத் தொண்டுக்கு இச்சொல் எத்துணைப் பொருத்தமாக அமைந்துவிட்டது!

என் ஊர் தேனியோடு ஒரே நகராட்சியாய் இணைந்துள்ள அல்லிநகரம். சில ஆண்டுகளுக்கு முன் டெங்குக் காய்ச்சலால் எட்டு நாள் மருத்துவமனையில் கிடந்தேன். அங்கே ஒரு செவிலி அம்மையார் செய்த தொண்டே இவ்வுரைக்குக் காரணம்.

டெங்குக் காய்ச்சலில் நாம் அறியவேண்டிய உண்மை ஒன்று உண்டு. உடம்பின் சூடு தணியும் வேளையே பெரும்பாலும் இடர் மிகுந்த வேளை. சூடு தணிந்ததும் நோயாளி மகிழ்கிறான். உறவினர் வீடு திரும்ப விரும்புகின்றனர். ஆனால் அப்போதுதான் சிலருக்கு நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து வெளியேறும். நாடி விரைந்து மெலியும், கைகால் குளிரும், இரத்த அழுத்தம் தாழும். ஆதலால் நாடியையும் அழுத்தத்தையும், பருகிய நீரையும் கழித்த சிறுநீரையும் செவிலியர் அளந்து அளந்து குறிக்கின்றனர்.

என் காய்ச்சல் விட்ட இரவில் அவ்வம்மையார் மணிக்கொரு முறை வந்தார். விளக்கொளி என் கண்ணில் படாவண்ணம் கையால் மறைத்துக்கொண்டு நாடி பார்த்தார். வயிற்றில் வலி உண்டா, பல் ஈறில் இரத்தம் கசிகிறதா என்று தாழ்ந்த குரலில் வினவினார். அடுத்த கட்டிலில், மலைமீதுள்ள ஏலத்தோட்டத்தில் உழைத்து முதுமையுற்ற ஒருவர் படுத்திருந்தார். பக்கவாதத்தால் பேச்சிழந்தவர், துணைக்கு எவரும் இலர். அவரைத் “தாத்தா” என்று அழைத்து, இரண்டு மணிக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைத்தார். ஏன்? ஒரே பக்கமாகக் கிடந்தால் எலும்பு மேடுகளில் உடற்பாரம் அழுத்தி, இரத்த ஓட்டம் தடைப்பட்டு, தோல் இற்றுப் புண்ணாகும். இதுவே படுக்கைப் புண். புண் வந்தால் எல்லாரும் காண்பர். வராமற் காத்த கையை எவரும் காண்பதில்லை. செவிலியர் பணியிற் பெரும்பகுதி இத்தகையதே.

இத்தொண்டு எவ்வளவு தொலைவு செல்லக்கூடும் என்பதற்கு மும்பையில் ஒரு சான்று உண்டு. அங்குள்ள கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியாக இருந்த அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் கொடியவன் ஒருவனின் தாக்குதலால் மூளை பழுதுற்றுப் பேச்சிழந்து படுக்கையில் வீழ்ந்தார். 2015 மே 18-இல் உயிர் நீங்கும்வரை, நாற்பத்தோர் ஆண்டுகளுக்கு மேலாக அம்மருத்துவமனைச் செவிலியரே அவருக்கு உணவூட்டினர், உடம்பு துடைத்தனர், பக்கம் மாற்றிப் படுக்கவைத்தனர். உடன் பணியாற்றியோர் ஓய்வு பெற்றனர். அவரை நலமாய் இருந்த நாளில் கண்டறியாத இளஞ்செவிலியர் அப்பணியை ஏற்றனர். அத்தனை ஆண்டுகளிலும் அவருக்குப் படுக்கைப் புண் வாராமற் காத்த அத்தொண்டினை, 2011 மார்ச் 7-இல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் வியந்து போற்றியது. அருணா அவர்களுக்கு ஒரு சொல் நன்றி கூற இயலவில்லை. நன்றியை எதிர்பார்த்துச் செய்த பணியாயின் ஒரு திங்களில் நின்றிருக்கும்.

மாணவச் செல்வங்களே! வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்குச் செய்ந்நன்றி அறிதல் என்று பெயரிட்டார். ‘கூறுதல்’ என்று இடவில்லை. செய்த நன்மை இன்னதென அறிவதே நன்றியின் தொடக்கம். நோயில் மயங்கிக் கிடப்பவன் தனக்கு நிகழ்ந்த உதவியை முழுதும் அறிய மாட்டான். நலமாய் உள்ள நாம் அதனை அவன்பொருட்டும் அறிந்துகொள்ள வேண்டும்.

அறிந்தால் நம் நடை மாறும். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-இல் செவிலிப் பணியைப் பற்றி எழுதிய நூலில் ஓசைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். நோயாளி இருக்கும் அறையில் கிசுகிசுப்பதும் கொடுமையே என்றார். அடுத்த முறை உறவினரைக் காண மருத்துவமனைக்குச் செல்லும்போது இதனை நினைவிற் கொள்ளுங்கள். பத்துக் கட்டில்களுக்கிடையே விரைந்து நடக்கும் செவிலியரை அதட்டி அழையாதீர்கள். நம்மைக் குணப்படுத்திய மருத்துவரின் பெயரை ஆண்டுகள் கடந்தும் சொல்கிறோம். இரவெல்லாம் நாடி பார்த்தவரின் பெயரையும் கேட்டறிந்து வீடு திரும்புவோமாக.